எட்டில் நாலு
தங்கச்சி கல்யாண வீடியோவும் போட்டோவும் சேர்த்து 600 ஜிபி. வீட்டு நெட்வொர்க் டிரைவில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், நொடிக்கு 11 எம்பி, அதற்கு மேல் ஒரு இம்மி நகராது. கணக்குப் போட்டால் 15 மணி நேரம்! பாளையங்கோட்டையில் பஸ் ஏறினால் அதற்குள் சென்னையில் இறங்கிக் குளித்துச் சாப்பிட்டே முடித்துவிடலாம். இதில் ஆடிக் காற்று வேறு, பாதியில் கரண்ட் போய் மறுபடி முதலில் இருந்து.

அத்தான் வந்து, "ரவுட்டர் பழசு மாப்ள, தூக்கிப் போடுங்க" என்றார். நல்லவேளை கேட்கவில்லை. சுவர் வழியாக வரும் நெட்வொர்க் கேபிளின் முனையைப் பிரித்துப் பார்த்தால், அன்றைக்கு வயர் இழுத்த மகராசன் எட்டுக் கம்பியில் நாலைத்தான் கோத்திருக்கிறார், மிச்ச நாலையும் ஒட்ட நறுக்கிவிட்டார். நாலு கம்பியில் நொடிக்கு 100 மெகாபிட்தான் ஓடும்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதாவது நொடிக்குப் பன்னிரண்டு எம்பி சொச்சம். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, எட்டும் வேண்டும். எதை மிச்சம் பிடித்தாரோ, கேபிளுக்கு முழுக் காசு கொடுத்தது நான்.

இரண்டு முனையிலும் எட்டுக் கம்பியையும் கோத்துப் புது கிளிப் அடித்ததும் நொடிக்கு 110 எம்பி. வீடியோ எல்லாம் சர்ரென்று போய்விட்டது. அப்புறம் போட்டோ ஃபோல்டர்... ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல், ஒவ்வொன்றுக்கும் திறந்து மூடி, மறுபடி நத்தை. எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கரண்ட் போகாமல் இருக்கணும்.