அசுணம் பறவையா?
‘அசுணம் என்பது சங்கப் பாடல்களில் வரும் இசை கேட்கும் பறவை’ என்று கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். பிற்கால நிகண்டு (செய்யுள் வடிவச் சொற்பொருள் நூல்) வழக்கை வைத்து அப்படிச் சொல்லலாம், சங்கப் பாடலை வைத்துச் சொல்ல முடியாது. அகநானூறு 88இல் யானையின் மதநீரை மொய்க்கும் வண்டுகளின் ஒலியை யாழோசை என்று நினைத்து ‘இருங்கல் விடரளை அசுணம் ஓர்க்கும்’. அதாவது பாறைப் பிளவுக் குகைக்குள் கிடந்து காது கொடுக்கிறது. அசுணத்துக்குச் சிறகு, அலகு, கூடு என்று ஒரு சொல் கிடையாது. சங்கப் பாடல்களுக்குப் பின் வந்த நீதிநூலான நான்மணிக்கடிகை இன்னும் தெளிவு: ‘பறைபட வாழா அசுணமா’. மா என்றால் விலங்குதானே? யாழை வாசித்து மயக்கி வரவழைத்து, பறையை அடித்துக் கொல்வார்களாம். நற்றிணை 304இல் தலைவி, தலைவன் மார்பு ‘அசுணம் கொல்பவர் கை போல்’ இன்பமும் துன்பமும் உடையது என்கிறாளே, அது இந்தக் கைதான். உங்கள் கட்டுரைக்குப் பின்னூட்டம் இட்ட ஒருவர், அசுணம் வௌவாலாக இருக்கலாம் என்கிறார். குகை பொருந்துகிறது, சரி. ஆனால் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்து வௌவால்கள் திருவிழாவில் தலைக்குக் கீழேயே தவில் முழங்கினாலும் அசையாமல் தொங்குகின்றன, ஒன்றுகூடச் செத்து விழுந்ததில்லை. நீங்கள் ‘பறவை’ என்பதற்குச் சங்கப் பாடல் வரி ஏதும் வைத்திருந்தால் தாருங்கள்.