முதற்பேறு என்றால் முதலில் பிறந்தவர் மட்டும்தானா?
பவுல் எழுதிய கொலோசெயர் நிருபம் 1:15 இயேசுவை 'முந்தின பேறு', அதாவது முதற்பேறு என்கிறது. அதற்கு முதலில் உண்டானவர் என்று மட்டுமே பொருள் என நான் வாசித்த ஒரு கட்டுரை முடிவு கட்டுகிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஆதியாகமம் 48-ஐ நிதானமாக வாசிக்கும்வரை. கண் மங்கிப்போன யாக்கோபு கைகளைக் குறுக்காக நீட்டி, வலதுகையைப் பேரன்களில் இளையவன் எப்பிராயீமின் தலைமேல் வைத்து ஆசீர்வதிக்கிறார். பிள்ளைகளின் தகப்பன் யோசேப்பு பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து மூத்தவன் மனாசேயின் தலைக்கு மாற்றப் பார்க்கிறார். கிழவரோ "அறிவேன் என் மகனே, அறிவேன்" என்று சொல்லி மறுத்துவிடுகிறார். அப்புறம் எரேமியா 31:9-ல் கர்த்தரே எப்பிராயீமைத் தம் சேஷ்டபுத்திரன், அதாவது மூத்த மகன் என்கிறார். தாவீதும் ஈசாயின் எட்டுப் பிள்ளைகளில் கடைசிதான். ஆனால் சங்கீதம் 89:27 அவரை 'முதற்பேறானவன் ஆக்குவேன்' என்கிறது. பிறப்பு வரிசை என்றால் ஒருவரை அப்படி 'ஆக்க' முடியுமா? ஒரு நண்பர், "சரி, பிறப்பு வரிசை இல்லையென்றால் அந்தச் சொல் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். உபாகமம் 21:17-ஐப் பாருங்கள்: மூத்தவனுக்கு இரண்டு பங்கு. உரிமையையும் மேன்மையையும் சேர்த்தே சுமக்கிற சொல் அது. பவுலும் கொலோசெயரில் அதே இடத்திலிருந்து மூன்று வசனம் தள்ளி, 1:18-ல் இயேசுவைப் பற்றி, 'எல்லாவற்றிலும் முதல்வராயிருக்கும்படி' என்றுதான் எழுதுகிறார்.