மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து யார் வருவார்?

2001-ல் மதுரை சிம்மக்கல்லில், ஒரு மாடி அறையில், நானும் நண்பன் ஒருவனும் வெப்சைட் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தோம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரு டெலிபோன் லைன். பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் போய், உங்கள் கடைக்கு வெப்சைட் போடலாம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில், "தம்பி, நம்ம கடை குத்துவிளக்கப் பாக்க மணிக்கு முப்பது ரூவா குடுத்து பிரவுசிங் சென்டர்ல எவன் உக்காருவான்? அந்தக் காசுக்கு பஸ்ஸேறி நேரா வந்து தொட்டே பாத்துட்டுப் போயிருவானே" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருஷத்தில் கடையை மூடினோம். நண்பன் சென்னைக்குப் போய் அமெரிக்க கம்பெனிகளுக்கு கோட் எழுதினான், நான் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கப் போனேன்.

தமிழில் இணையத் தொழில் ஏன் வளரவில்லை என்ற பேச்சு வரும்போதெல்லாம் "நம்ம ஆளுங்களுக்குத் தமிழில் படிக்க ஆர்வம் இல்லை, எல்லாம் ஆங்கில மோகம்" என்று சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. ஆர்வம் எவ்வளவு இருந்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குக் குறுக்கே இணையக் கட்டண மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், அன்று அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் மூலமாக. முதலில் பெருநகரங்களுக்கு மட்டும். 250 மணி நேரத் தொகுப்பு தனியாளுக்கே 5,000 ரூபாய்க்குக் குறையாது. மாணவர்களுக்கு வெறும் எழுத்து மட்டும் தெரியும் மலிவு இணைப்பு ஒன்று இருந்தது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களை உள்ளே விட்டார்கள். ஆனால் டெலிபோன் லைன் வழியே போடும் டயல்-அப்பில் இணையத்துக்கு ஒரு காசு, அந்த நேரம் முழுக்க ஓடும் டெலிபோன் காலுக்கு இன்னொரு காசு. வீட்டில் லைன் இருந்தாலும் பில்லை நினைத்தால் கை நடுங்கும்.

விலையால் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். மணிக்கணக்கில் காசு போகும்போது யாரும் சும்மா சுற்றிப் பார்க்க மாட்டார்கள். பிளஸ் டூ ரிசல்ட் அன்று பிரவுசிங் சென்டர் வாசலில் தெரு நிறையக் கூட்டம் நிற்கும். நம்பரைப் போட்டு, மார்க்கைப் பார்த்து, பிரிண்ட் எடுத்து, எழுந்து போய்விடுவார்கள். துபாயில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப ஒரு அம்மா வருவார். வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார். ஒரு ஊரின் இணையத் தொழில் வாழ்வதோ வேலையில்லாமல் சுற்றுகிறவர்களால்தான். எதையோ தேடி வந்தவர் வேறெதையோ படித்து, மறுநாள் திரும்பி வந்து, அவர் வருவதால் விளம்பரம் வந்து, அந்த விளம்பரத்தால் ஒருவர் சம்பளம் வாங்கி எழுத வேண்டும். எங்கள் ஊரில் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே விழவில்லை.

செய்கிறவர் பக்கமும் அதே கதைதான். நாங்கள் பக்கங்களை ஆஃப்லைனில் எழுதி, லைன் போட்டு, பத்து நிமிஷத்தில் ஏற்றிவிட்டு, உடனே துண்டிப்போம். பாதியில் கட் ஆனால் முதலிலிருந்து. படிக்க வேண்டிய பாடங்களை பிரவுசிங் சென்டரில் சேமித்து, ஃபிளாப்பியில் கொண்டுவந்து இரவில் படிப்போம். அதே நேரம் தென் கொரியாவில் என் வயதுப் பையன் பகல் இரவாக இணையத்திலேயே இருந்தான்.

கொரியாவை ஏன் சொல்கிறேன் என்றால், அது தமிழ்நாட்டைவிடச் சின்ன மொழிக்கூட்டம். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 6.24 கோடி, தென் கொரியா அப்போது ஐந்து கோடியைக்கூட எட்டவில்லை. அங்கே 1999-லேயே மாதம் ஒரே கட்டணம், எவ்வளவு நேரமானாலும் பார் என்று ஏடிஎஸ்எல் என்ற அதிவேக இணைப்பு வீடுகளுக்குப் போனது. அதே ஆண்டில்தான் கொரியத் தேடுதளமான நேவர் தொடங்கியது. 2002-ல் நேவர் ஒரு கேள்வி-பதில் பகுதியைத் திறந்ததும் கொரிய மக்களே தங்கள் மொழியில் கேட்டு, தாங்களே பதில் எழுதிக் குவித்தார்கள். இன்றும் அங்கே கூகுளுக்கு எதிரே நிற்க உள்ளூர்த் தேடுபொறி ஒன்று இருக்கிறது. அரசின் முதலீடு, நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் மீட்டர் ஓடும் லைனில் உட்கார்ந்து யார் முகம் தெரியாதவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார்?

அப்படியானால் அந்த நாட்களில் தமிழில் யார்தான் செய்தார்கள்? அந்தப் பெயர்களை வரிசையாகப் பாருங்கள். 1995-லேயே தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றிய நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க்காரர். தமிழில் தட்டச்சு செய்ய முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் மலேசியர். 1998 பொங்கலன்று, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில். தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்க நாட்களில் கிட்டத்தட்டத் தனி ஆளாகத் தூக்கிச் சுமந்த மயூரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர், வாழ்ந்தது அமீரகத்தில். இவர்கள் இல்லையென்றால் நான் இன்று இதைத் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டேன். இவர்களிடம் பட்ட கடன் பெரிது.

ஆனால் இவர்கள் வேறு வேலையில் சம்பாதித்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில், தமிழுக்காகச் செய்தார்கள். இணையம் மலிவாகக் கிடைத்த ஊர்களில் இருந்ததால் செய்ய முடிந்தது. அதனால் தமிழ் இணையம் ஒரு தொண்டாகவே வளர்ந்தது, தொழிலாக வளரவில்லை. நூலகம் கிடைத்தது, அகராதி கிடைத்தது, கலைக்களஞ்சியம் கிடைத்தது. மதுரையிலும் திருச்சியிலும் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் தமிழ்த் தளம் கிடைக்கவில்லை. மதுரைத் திட்டத்தின் பெயரில் மட்டும்தான் எங்கள் ஊர் இருந்தது. அதை நினைத்து அன்றும் பெருமைப்பட்டேன், கூடவே மனசு கனத்தது.

ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைக்க சர்வரில் இடம் வாடகைக்கு எடுக்கும் கதையையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் செய்த ஐந்தாறு தளங்களும் அமெரிக்க சர்வரில்தான் இருந்தன, உள்நாட்டில் அதைவிட விலை அதிகம் என்பதால். வெளிநாட்டோடு இணைக்கும் இணையப் பாதை வெகுகாலம் விஎஸ்என்எல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. உள்நாட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் இணையப் போக்குவரத்தை மாற்றிக்கொள்ள நிக்சி என்ற பரிமாற்ற மையம் 2003-ல்தான் வந்தது. அதுவரை ஒரே தெருவில் இருவர் வேறுவேறு நிறுவன இணைப்பு வைத்திருந்தால், ஒருவர் அனுப்பும் மெயில் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அந்தக் கடல் பயணக் கூலியும் வாடிக்கையாளர் தலையில்தான்.

தமிழ் என்பதற்கே ஒரு தனிக் கூலியும் இருந்தது. பார்ப்பவர் கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்ட் இல்லாத தொல்லையால் பலர் தமிழ்ப் பக்கத்தைப் படமாகவே போட்டார்கள், இல்லையென்றால் ஃபான்ட்டையும் சேர்த்து இறக்க வைத்தார்கள். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை வந்தபின்னும், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட் என்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். "கோ" என்று எழுதினால் க-வுக்கு மூன்று, ஓகாரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு. இன்று அது தூசு. 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தபோதும், மாதம் 400 எம்பி, தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக்கட்டணம் என்கிற மாதிரித் திட்டங்கள்தான் கைக்கு எட்டின. பின்னால் வந்த ஒரு திட்டத்தில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை கணக்கில்லை. அலாரம் வைத்து எழுந்தவர்கள் எத்தனை பேர்! எனக்குத் தெரிந்த வலைப்பதிவர்கள் பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் விழித்திருந்தார்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து விலையை ஒரேயடியாகக் கீழே தள்ளியது. ஒரு ஜிபி இருநூறு ரூபாய்க்கு மேல் விற்ற காலம் போய், தினம் ஒரு ஜிபி என்றானது. நல்லதுதான், முழு மனதோடு சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சமையல் வீடியோ போட்டு ஒரு கோடி பேரைச் சேர்த்த வில்லேஜ் குக்கிங் சேனல் 2001-ல் சாத்தியமே இல்லை. ஆனால் அந்த மலிவு வந்து சேர்ந்தபோது நிலம் முழுக்க வேறு ஆட்கள் கையில். யூடியூபில் விளம்பரப் பணத்தில் செய்கிறவருக்கு 55 சதவீதம், யூடியூபுக்கு 45. இது அடுத்தவர் நிலத்தில் விளைச்சலைப் பங்கு போட்டு உழுவது. மகசூல் நன்றாக இருக்கலாம், நிலம் நம்முடையது இல்லை. ஜியோவுக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே விலை இறங்கியிருந்தால் சொந்த நிலம் வைத்திருக்கும் ஒரு தலைமுறை உருவாகியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதே 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு சரியான வேலை செய்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் திட்டங்களைத் தடுத்தது. அது நடக்காமல் போயிருந்தால், சின்னத் தமிழ்த் தளம் ஒவ்வொன்றும் காசு கேட்கும் பக்கமாகவும், பெரிய கம்பெனிகள் ஓசிப் பக்கமாகவும் பிரிந்திருக்கும். மறுபடியும் அண்ணாச்சியின் கேள்விக்கே வந்து நின்றிருப்போம்.

இப்போது என்னிடம் வெப் டிசைன் படிக்கும் பெண் ஒருத்தி உசிலம்பட்டிப் பக்கம். செல்போன் டேட்டா தினம் 1.5 ஜிபி. லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். 2024 ஜூலையில் மூன்று பெரிய நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றிய பிறகு ரீசார்ஜுக்கு வீட்டில் யோசிக்கிறார்கள். வீடியோ பார்க்க அந்த டேட்டா போதும். தளம் கட்ட, சோதிக்க, படங்களை ஏற்ற வீட்டுக்கு ஒரு கம்பி இணைப்பு வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. அது ஊராட்சி அலுவலகத்தோடு நிற்காமல், மாதம் இருநூறு ரூபாய்க்குள், அளவில்லாமல் அவள் வீட்டுக்குள் வர வேண்டும். நான் கேட்பது இதைத்தான்.

அதுவரை அவள் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி மதுரையில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். வாரம் முழுக்கச் செய்ததை பென்டிரைவில் கொண்டுவந்து இங்கே இருந்து ஏற்றுகிறாள்.