"அக்கறை இருந்தால் நேரில் வரட்டும்"

பினாங்கில் எங்கள் பக்கத்து வடிகாலைப் பற்றிச் சனிக்கிழமை நடந்த கூட்டத்தில் ஒருவர் சொன்ன அந்த வார்த்தை மூன்று நாளாக மனதை அறுக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு எந்தக் கூட்டம், யார் சொன்னது என்று தெரியும். பெயர் சொல்லி யாரையும் இழுக்க விருப்பமில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கூகுள் மீட் இணைப்பு ஒன்று கொடுங்கள், வர முடியாதவர்களும் கேட்கட்டும், பேசட்டும்" என்று ஒரு வாரம் முன்பே கேட்டிருந்தோம். கிடைக்கவில்லை. சரி, தம்பி நேரில் போனான். அப்பா வீட்டிலிருந்து போனில் பேசுவதாக ஏற்பாடு. அவருக்கு வயது 74. பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் இருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. முப்பது வருஷம் வடிகால் வேலை பார்த்த மனிதர். எங்கள் பின்சந்தில் மழை பெய்தால் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று அவருக்கு அளவோடு தெரியும். கால்வாய் மட்டம் முனையில் அரை முழம் ஏறியிருக்கிறது, அதை இறக்காமல் எத்தனை தடவை தூர்வாரினாலும் தண்ணீர் போகாது என்பார். 2017 நவம்பர் வெள்ளத்தில் அந்தச் சந்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தவர்.

சனிக்கிழமை காலையிலேயே சவரம் செய்துகொண்டார். சட்டை மாற்றினார். போனில்தான் பேசப்போகிறோம் என்று சொன்னேன். கேட்கவில்லை. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் இடது கையால் நான்கு வரி எழுதி வைத்திருந்தார். வலது கை இன்னும் சரியாகவில்லை. தம்பி எழுந்து, "எங்கப்பா போனில் இருக்கார், ஒரு நிமிஷம்" என்றான். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. ஸ்பீக்கரில் அப்பாவுக்கும் கேட்டது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதுவும் பேசவில்லை.

அக்கறை இல்லாதவரா அவர்?

உடனே சிலர் சொல்வார்கள், "நேரில் வந்து முகம் பார்த்துப் பேசுவதுதான் மரியாதை" என்று. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் பெண்ணுக்கும், கைக்குழந்தையோடு இருப்பவளுக்கும், பாலிக் புலாவிலிருந்து பஸ் மாறி வர வேண்டியவருக்கும் மரியாதை தெரியாது என்றா அர்த்தம்? 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பள்ளிக்கூடம் இணையத்துக்குப் போனது, நீதிமன்ற விசாரணைகூடக் காணொளி வழி நடந்தது. ஒரு வடிகாலைப் பற்றிப் பேச மட்டும் முடியாதா?

"வெளியாட்கள் நுழைந்து குழப்புவார்கள்" என்பது இன்னொரு வாதம். இது உண்மையான கவலைதான், ஒதுக்கிவிட மாட்டேன். அதற்கு முன்பதிவு வைக்கலாம், அடையாள அட்டை முகவரியைப் பார்க்கலாம். வீட்டுச் சொந்தக்காரர் கட்டும் மதிப்பீட்டு வரிக் கணக்கு எண்ணைக் கேட்பது மட்டும் சரிவராது, வாடகைக்கு இருப்பவர்கள் விடுபட்டுப் போவார்கள். நெட் விட்டுவிட்டு வரும் என்கிறார்கள். அதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது, மண்டபத்து மைக்கும்தான் விட்டுவிட்டு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். மலேசியாவின் 1976 உள்ளாட்சிச் சட்டம், 23ஆம் பிரிவு. உள்ளாட்சி மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தவை. ஆனால் நுணுக்கமாகப் பேசி முடிவெடுக்கும் குழுக் கூட்டங்களுக்கு அது பொருந்தாது, குழுவே திறந்தால்தான் உண்டு. 1976-இல் 'திறந்த' என்றால் மண்டபத்தில் போய் உட்காருவது. இன்றைக்கும் அதே அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால், படியிறங்க முடியாதவருக்கு அது மூடிய கதவு.

அப்புறம் இன்னொன்று. கவுன்சிலர்களை நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை, மாநில அரசு நியமிக்கிறது. இதே ஜோர்ஜ் டவுனில் 1951-இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957-இல் முதல் மேயரானவர் டி. எஸ். ராமநாதன், நம் ஆள். பழைய ஸ்காட் ரோட்டுக்கு இப்போது அவர் பெயர். அப்பா அந்தப் பக்கம் போனால் பெயர்ப் பலகையைக் காட்டாமல் வரமாட்டார். 1965-இல் தேர்தலை நிறுத்தினார்கள். உள்ளாட்சிகள் நடக்கும் விதத்தை ஆராய அமைத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழர்தான், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். வந்ததா? 1976 சட்டம் உள்ளாட்சித் தேர்தலையே ஒழித்துவிட்டது. ஓட்டும் இல்லை. மிச்சம் இருப்பது வாய் ஒன்று. அதையும் மண்டபத்துக்குக் கொண்டுவந்தால்தான் கேட்போம் என்றால் நாங்கள் எங்கே போவோம்?

அதற்காக இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். ஆமாம், கோபம்தான். சவரம் செய்து சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்த மனிதரை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நானே லீவு போட்டுப் போய் நான்கு வரியையும் வாசிக்கிறேன். ஆனால் யாராவது எழுந்து "எந்த முனையில் ஏறியிருக்கிறது, எவ்வளவு இறக்கணும்" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. மறுபடி அப்பாவுக்குத்தான் போன் போடணும்.