பிளாஸ்டிசால் மை வெயிலில் காயாது
பிளாஸ்டிசால் மையில் அச்சடித்த சட்டையை ஒரு நாள் வெயிலில் போட்டாலே படம் நிலைத்துவிடும் என்று சிலர் எழுதுவது தவறு. அதை நம்பி வீட்டில் அச்சடிப்பவர்களின் உழைப்பு முதல் சில சலவைகளிலேயே உதிர்ந்துபோகும் என்பதால் இதைத் திருத்துகிறேன். இந்த மை, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் இளக்கித் திரவத்தில் மிதக்கும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் துகள்களால் ஆனது. ஆவியாகிப் போக அதில் நீர் இல்லை. அச்சடிக்கும் வலைத் திரையில் துடைக்காமல் விட்ட மை மறுநாளும் ஈரமாகவே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மைப்படலம் அடிவரை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் துகள்கள் உருகி ஒன்றாக இணையும். மேற்பரப்பு மட்டும் சூடேறினால், தொடும்போது கையில் ஒட்டாவிட்டாலும், துணியை இழுத்தவுடன் படம் விரிசல் விடும்.

குறைந்த செலவில் செய்ய விரும்புவோருக்கு நீர் சார்ந்த துணி மையையே பரிந்துரைப்பேன். அதை முழுவதும் உலரவிட்டு, மேலே மெல்லிய பருத்தித் துணியை விரித்து, நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியால், மைப்புட்டியில் குறித்துள்ள நேரம்வரை நிதானமாகச் சூடேற்ற வேண்டும். சூடின்றி நிலைக்கும் வகை என்று புட்டியிலேயே குறிப்பிட்டிருந்தால் மட்டும் இந்த வேலை தேவையில்லை.