எழுத்து குறைந்தால் மட்டும் போதுமா?
கணினியில் அடிக்கும் கட்டளையில் எவ்வளவு எழுத்து குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாகர்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் திணறுவது நீளமான கட்டளையில் அல்ல, ஒன்றுபோலத் தெரியும் குறிகளில்தான். ஹெட் என்பது நாம் இப்போது நிற்கும் கமிட், அதாவது பதிவு. ஹெட்~2 என்றால் அதிலிருந்து இரண்டு கமிட் பின்னால். ஹெட்^2 என்றால் மெர்ஜ் கமிட்டின் (தனித்தனியாக வளர்ந்த கிளைகளை இணைக்கும் பதிவின்) இரண்டாவது பெற்றோர், அதாவது அதற்கு நேர் முந்தைய பதிவுகளில் இரண்டாவது. எண் போடாமல் ஹெட்~, ஹெட்^ என்று அடித்தால் இரண்டும் ஒரே இடத்துக்குப் போவதால், இரண்டும் ஒன்றுதான் என்று முதலிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ^ என்பது எஸ்கேப் குறி, அதாவது அடுத்து வருவதன் சிறப்புப் பொருளை நீக்கும் குறி; வரியின் கடைசியில் வந்தால் கட்டளை இன்னும் முடியவில்லை என்று பொருள். கிட் லாக் ஹெட்^ என்று அடித்து எண்டர் தட்டினால் ‘மோர்?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும், பிள்ளைகள் கிட் கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், மெர்குரியல் (கிட் போன்ற இன்னொரு மென்பொருள்) மாதிரி கட்டளையின் முதல் சில எழுத்துகளே போதும் என்கிறார். சரி, நாளை அதே எழுத்துகளில் தொடங்கும் புதுக் கட்டளை வந்தால் பழைய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பு) என்ன ஆகும்? கிட்டில் எனக்குப் பிடித்த சுருக்கம் ‘ஸ்விட்ச் -’ தான். முந்தைய கிளைக்குத் திரும்ப ஒரு கோடு போதும்; ஷெல்லில் (கட்டளை அடிக்கும் நிரலில்) முந்தைய கோப்புறைக்குத் திரும்ப ‘சிடி -’ பழகியவர் புதிதாகப் படிக்க எதுவுமே இல்லை.