மூன்று கோச்சுகளை மாற்றினால் ரோஸ்டர் (அணியின் ஆட்டக்காரர் பட்டியல்) சரியாகிவிடுமா?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் ஃபீனிக்ஸ் சன்ஸ், 2023 மே மாதம் தன் கோச் மான்டி வில்லியம்ஸை அனுப்பியது. 2024 மே மாதம் ஃபிராங்க் வோகல். 2025 ஏப்ரலில் மைக் பூடன்ஹோல்சர். அடுத்தடுத்து மூன்று சீசன், மூன்று கோச். வில்லியம்ஸ் இதே அணியை 2021இல் ஃபைனல்ஸ் வரை கொண்டுபோனவர். வோகல் 2020இல் லேக்கர்ஸோடு சாம்பியன். பூடன்ஹோல்சர் 2021இல் மில்வாக்கியோடு சாம்பியன், அதுவும் சன்ஸைத் தோற்கடித்தே. மூன்று பேருக்கும் கூடைப்பந்து தெரியவில்லை என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தவறு மேலே, நிர்வாகத்தில் நடந்தது. 2023 பிப்ரவரியிலும் ஜூனிலும் எடுத்த இரண்டு முடிவுகள்தான் அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தன. அவற்றுக்கான விலையைக் கோச்சுகளும் ரசிகர்களும் கொடுத்தார்கள்.

முதலில் ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். எதையாவது மாற்ற வேண்டிய கட்டாயம் இருந்தது உண்மை. 2021-22இல் 64 வெற்றி, அணியின் வரலாற்றிலேயே அதிகம். அதே அணி இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், டல்லாஸிடம் 123-90 என்று சரிந்தது. முதல் பாதி முடிந்தபோது ஸ்கோர் 57-27. அதைப் பார்த்த எந்த உரிமையாளரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

மாட் இஷ்பியா அணியை வாங்கிய சில நாட்களுக்குள், 2023 பிப்ரவரியில், கெவின் டுராண்ட் வந்தார். புரூக்ளினுக்குப் போனவை: மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், ஜே கிரவுடர், எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாத நான்கு முதல் சுற்று டிராஃப்ட் பிக் (ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை டிராஃப்ட், அதில் ஒரு தேர்வு உரிமை பிக்; இவை 2023, 2025, 2027, 2029க்கானவை), கூடவே 2028க்கான இடமாற்று உரிமை (இரண்டு அணிகளின் பிக்குகளில் நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமை). இந்த டிரேடை நான் பாதியாவது ஆதரிப்பேன். டுராண்ட் மாதிரி ஆட்டக்காரர் சந்தைக்கு வருவது அபூர்வம். ஆனால் கொடுத்ததில் பிக்குகளைவிட அதிகம் வலித்தது பிரிட்ஜஸும் ஜான்சனும்தான். பிளே-ஆஃபில் எதிரணியின் முக்கிய ஸ்கோரரைக் காவல் காத்து, மறுமுனையில் மூலையில் நின்று த்ரீ பாயிண்ட் போடும் உயரமான விங் ஆட்டக்காரர்கள் இல்லாமல் இன்று யாரும் ஜெயிப்பதில்லை. பிரிட்ஜஸின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு 9 கோடி டாலர். அவர் ஆட்டத்தைத் தவறவிடுவதே இல்லை. ஜான்சன் இன்னும் ரூக்கி (புதுமுக) ஒப்பந்தத்தின் குறைந்த சம்பளத்தில் இருந்தார். அந்த இரண்டு இடங்களையும் ஒரே இரவில் காலி செய்தார்கள். அதை நிரப்பும் திட்டம் அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை.

அந்த இருவரின் சந்தை மதிப்பு என்ன என்பதைப் பிறகு புரூக்ளினே காட்டியது. 2024 கோடையில் பிரிட்ஜஸ் ஒருவருக்காக நியூயார்க் நிக்ஸ் ஐந்து முதல் சுற்று பிக் கொடுத்தது. 2025இல் ஜான்சனைக் கொடுத்து டென்வரிடமிருந்து மைக்கேல் போர்ட்டர் ஜூனியரையும் 2032 முதல் சுற்று பிக்கையும் வாங்கினார்கள்.

சரி, டுராண்ட் வந்துவிட்டார். இரண்டாம் சுற்றில் டென்வரிடம் தோல்வி. அடுத்த மாதம், 2023 ஜூனில், வாஷிங்டனிலிருந்து பிராட்லி பீலை வாங்கினார்கள். எனக்கு ஆறவே ஆறாத முடிவு இதுதான்.

வாஷிங்டனுக்குப் போனவர்கள் கிறிஸ் பாலும் லாண்ட்ரி ஷாமெட்டும். கூடவே இரண்டாம் சுற்று பிக்குகள், 2024, 2026, 2028, 2030 ஆண்டுகளுக்கான இடமாற்று உரிமைகள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகள் இல்லாமல் ஓர் அணி போய்விடக் கூடாது என்பது ஸ்டெப்பியன் விதி. ஒற்றைப்படை ஆண்டுகளின் பிக்குகள் டுராண்டுக்குப் போயிருந்ததால் இரட்டைப்படை ஆண்டுகளை விற்க முடியாது. ஆனால் இடமாற்று உரிமை கொடுக்க விதி தடையில்லை. அந்தச் சந்தையும் தீர்ந்தது. 2030 வரை தன் டிராஃப்ட் முழுவதும் தன் கையில் இருக்கும் ஆண்டு என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மலிவாகக் கிடைத்தார் என்று அன்று பலர் கொண்டாடினார்கள். ஏன் மலிவு என்று கேட்டிருக்க வேண்டும். பீலின் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு 25.1 கோடி டாலர். அதில் நோ-டிரேட் உரிமை இருந்தது. அவர் சம்மதிக்காமல் எந்த அணிக்கும் மாற்ற முடியாது. அணி மாறினாலும் அந்த உரிமை அவரோடேயே வரும். அதனால்தான் வாஷிங்டனால் பேரம் பேச முடியவில்லை. அதே பூட்டை ஃபீனிக்ஸ் தானாக எடுத்துத் தன் வாசலில் மாட்டிக்கொண்டது. கிறிஸ் பாலின் அடுத்த ஆண்டுச் சம்பளம் சுமார் 3.08 கோடி, அதில் உத்தரவாதம் பாதி அளவுக்குத்தான். அப்படிப்பட்ட ஒப்பந்தம் ஒரு நிர்வாகத்தின் கையில் இருப்பது பெரிய ஆயுதம். அதைக் கொண்டு இரண்டு நடுத்தரச் சம்பள ஆட்டக்காரர்களை வாங்கியிருக்கலாம். ஒரு விங், ஒரு மாற்று சென்டர் போதும். அந்த அணிக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

களத்தில் என்ன ஆனது? அணியின் நட்சத்திரம் டெவின் புக்கர், பீல், டுராண்ட் மூவருமே பந்தைக் கையில் வைத்து மிட்-ரேஞ்சில் (கூடைக்கும் த்ரீ பாயிண்ட் கோட்டுக்கும் நடுவில்) ஏறி அடிப்பவர்கள். ஒவ்வொருவரும் அதில் கைதேர்ந்தவர். ஆனால் ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவரும் நின்று பார்ப்பதைத் தவிர வேலையில்லை. ரிம்முக்கு, அதாவது கூடை வளையத்துக்கு அருகே, போய் எதிரணி டிஃபென்ஸைக் குலைப்பவர் யாரும் இல்லை. உண்மையான பாயிண்ட் கார்டு இல்லாததால் அந்த வேலை புக்கர் தலையில் விழுந்தது. அவர் முழு கோர்ட்டும் பந்தைக் கொண்டுவந்து, ஆட்டத்தையும் அமைத்து, ஸ்கோரும் செய்து, நான்காவது குவார்ட்டரில் களைத்துப்போய் நிற்பார். பிறகு கடைசி நிமிடங்களில் டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது) ஏன் என்று கோச்சைக் கேட்பார்கள். பீலோ இரண்டு சீசனிலும் தலா 53 ஆட்டங்கள்தான் ஆடினார். காயம் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் வாஷிங்டனில் கடைசி சில சீசன்களிலும் அவர் நிறைய ஆட்டங்களைத் தவறவிட்டவர் என்பது ஒப்பந்தத்தை ஏற்கும்போதே தெரிந்த விஷயம்.

இப்போது சம்பளக் கணக்கு. 2024-25இல் டுராண்டுக்குச் சுமார் 5.12 கோடி, பீலுக்கு 5.02 கோடி, புக்கருக்கு 4.92 கோடி டாலர். மூவருக்கும் சேர்த்து 15 கோடிக்கு மேல். அந்த சீசனின் சம்பள உச்சவரம்பே 14.06 கோடிதான். ஒட்டுமொத்த அணிக்கும் வைத்த வரம்பை மூன்று பேரே தாண்டிவிட்டார்கள்! 'செகண்ட் ஏப்ரன்' என்று சொல்லும் மேல்கோடு அந்த ஆண்டு 18.89 கோடி. மீதிப் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தால் அதையும் தாண்டாமல் இருக்க வழியே இல்லை.

அந்தக் கோட்டைத் தாண்டினால் அபராத வரி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வரி உரிமையாளரின் கவலை. அவர் அதைத் தயங்காமல் கட்டினார், சம்பளமும் வரியும் சேர்த்து 35 கோடி டாலருக்கு மேல். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையான தண்டனை வேறு. இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது. அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர் அதிகமாகத் திருப்பி வாங்க முடியாது. டிரேடில் பணம் கொடுக்க முடியாது. உச்சவரம்பைத் தாண்டிய அணியும் நடுத்தரச் சம்பளத்தில் ஒருவரைச் சேர்க்க உதவும் மிட்-லெவல் ஒப்பந்தம் எதையும் பயன்படுத்த முடியாது. பெரிய சம்பளத்தில் இருந்து சீசன் நடுவில் பை-அவுட் ஆகி (பழைய அணியோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு) வருபவர்களையும் சேர்த்துக்கொள்ள முடியாது. ஏழு ஆண்டு தள்ளியிருக்கும் முதல் சுற்று பிக் உறைந்துபோகும். டிரேடில் அதைத் தொட முடியாது.

இந்த விதிகள் திடீரென்று வந்து விழுந்தவை அல்ல. லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட புதிய ஒப்பந்தத்தின் அம்சங்கள் 2023 ஏப்ரலிலேயே வெளியாகிவிட்டன. பீல் டிரேட் நடந்தது ஜூனில். தெரிந்தே போய் அந்தக் கோட்டுக்கு மேல் நின்றார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதன் விளைவு 2025 பிப்ரவரியில் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மயாமியின் ஜிம்மி பட்லரைச் சன்ஸ் விரும்பியது. அவருடைய சம்பளம் 4.88 கோடி. சம்பளத்தைச் சேர்க்க முடியாத அணி, அந்த அளவுக்குச் சம்பளம் வாங்கும் ஒருவரைத்தான் கொடுக்க வேண்டும். சன்ஸிடம் அப்படி மூன்று பேர்தான். புக்கரைக் கொடுக்க மாட்டார்கள். பீலைக் கொடுக்க அவருடைய சம்மதம் வேண்டும். கடைசியில் டுராண்டின் பெயரே பேரத்துக்குள் இழுக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்த உறவு ஒட்டவே இல்லை. பட்லர் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார்.

பெஞ்ச் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோச்சுகள் மீது விழுந்த பழியில் பாதி அங்கேதான். வேறு கருவி இல்லாத அணி குறைந்தபட்சச் சம்பள ஒப்பந்தங்களால்தான் ரோஸ்டரை நிரப்பும். 2023 கோடையில் எரிக் கார்டன், யூடா வாடனாபே, டுரூ யூபேங்க்ஸ், கீட்டா பேட்ஸ்-டியாப் எல்லோரும் அப்படி வந்தவர்கள். 2024இல் டையஸ் ஜோன்ஸ், மான்டே மாரிஸ், மேசன் பிளம்லீ. இதில் இரண்டு பக்கமும் அடி. நன்றாக ஆடாவிட்டால் இடம் வீண். நன்றாக ஆடிவிட்டால், ஓராண்டு ஒப்பந்தம் என்பதால் அணிக்கு முழு பேர்ட் உரிமை (வரம்பைத் தாண்டியும் தன் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தந்து தக்கவைக்கும் உரிமை) கிடையாது. குறைந்தபட்சத்துக்குச் சற்று மேலேதான் சம்பளம் தர முடியும், வேறு அணி கூடுதலாகக் கூப்பிட்டால் போய்விடுவார். ஆகவே ஒவ்வொரு அக்டோபரிலும் பாதி அணி புதுமுகம். டிஃபென்ஸில் யார் யாருக்கு உதவிக்குப் போவது என்பது பழக்கத்தில் வருவது. கோச்சும் புதிது, பெஞ்சும் புதிது என்றால் அது எப்போது வரும்?

2024-25ஐ 8-1 என்று ஆரம்பித்த அணி 36-46 என்று முடித்து, பிளே-ஆஃபின் கடைசி இடங்களுக்கான பிளே-இன் சுற்றுக்குக்கூடத் தகுதி பெறாமல் போனது.

நிர்வாகம் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் டிஆண்ட்ரே ஏய்ட்டனின் பெரிய ஒப்பந்தத்தை உடைத்து யூசுஃப் நூர்கிச், கிரேசன் ஆலன் ஆகியோரை வாங்கியது சரியான திசை. ஆலன் அந்த சீசனில் த்ரீ பாயிண்ட் சதவீதத்தில் லீகிலேயே முதலிடம், 46.1. ஆனால் அதையும் காப்பாற்றத் தெரியவில்லை. நூர்கிச்சைப் பெஞ்சில் உட்காரவைத்து, மதிப்பைக் குறைத்து, ஒரு முதல் சுற்று பிக்கையும் கூடச் சேர்த்துத்தான் சார்லட்டுக்கு அனுப்ப முடிந்தது. அதற்குச் சற்று முன்புதான் நிபந்தனையற்ற 2031 பிக்கை யூட்டாவிடம் கொடுத்து, மதிப்புக் குறைந்த மூன்று பிக்குகளாக மாற்றியிருந்தார்கள். (டிராஃப்டில் பழைய கணக்கும் உண்டு. 2020இல் பத்தாவதாக ஜேலன் ஸ்மித்தை எடுத்தார்கள். பன்னிரண்டாவதாகப் போனவர் டைரீஸ் ஹாலிபர்டன். அந்த ஒரு பாயிண்ட் கார்டு இருந்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.)

முடிவில் கையில் என்ன மிஞ்சியது? 2025 கோடையில் டுராண்ட் ஹியூஸ்டனுக்குப் போனார். வந்தவர்கள் ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ். கூட 10ஆவது பிக்கும் சில இரண்டாம் சுற்று பிக்குகளும். அந்த 10ஆவது பிக், டுராண்டை வாங்க 2023இல் புரூக்ளினுக்குக் கொடுத்து, அங்கிருந்து ஹியூஸ்டனுக்குப் போன ஃபீனிக்ஸின் சொந்த பிக்! டுராண்டைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கி, கமான் மலுவாச்சை எடுத்தார்கள்.

பீலை ஒப்பந்தத்தை முடித்து வெளியே அனுப்பினார்கள். அவருக்கு இரண்டு ஆண்டு, சுமார் 11 கோடி டாலர் பாக்கி. அவர் அதில் சுமார் 1.4 கோடியை விட்டுக்கொடுத்தார். மிச்சத்தை 'ஸ்ட்ரெச்' முறையில் ஐந்து ஆண்டுக்குப் பிரித்தார்கள். பாக்கி ஆண்டுகளின் இருமடங்கோடு ஒன்று கூட்டுவது அந்த விதி. ஆண்டுக்குச் சுமார் 1.94 கோடி, 2029-30 வரை, களத்தில் இல்லாத ஒருவருக்காக. 2025-26இன் முழு மிட்-லெவல் ஒப்பந்தம் 1.41 கோடிதான். அதாவது ஒவ்வொரு ஆண்டும் ஒரு தரமான விங்கின் சம்பளத்துக்கு மேலாக வீணாகக் கழிகிறது. புக்கரின் நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தமும் அதே 2029-30இல்தான் முடிகிறது.

ஓக்லஹோமா சிட்டியோடு ஒப்பிட்டால் பொறுமையைத்தான் பலர் பேசுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. 2019இல் பால் ஜார்ஜைக் கொடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் பிக்குகளையும் வாங்கினார்கள். அதில் ஒன்று 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2024 கோடையில் ஜாஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கரூஸோவை வாங்கினார்களே, அதுதான் பாடம். பெயர் பெரியதா என்று பார்க்கவில்லை. ஷே பக்கத்தில் பந்தில்லாமல் ஆடுபவரும் காவல் காப்பவரும் யார் என்று பார்த்தார்கள். 68 வெற்றி, 2025 சாம்பியன்ஷிப்.

இனி ஒரு டிரேட் அறிவிப்பு வந்தால் பெயரைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன், அதன் பிறகு அணி எந்தக் கோட்டுக்கு மேல் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். வருபவருக்கு எத்தனை ஆண்டு பாக்கி, நோ-டிரேட் மாதிரி உரிமை ஏதாவது உண்டா என்று பாருங்கள். பிறகு, ஆட்டம் முடியும் ஐந்து நிமிடத்தில் எதிரணியின் சிறந்த விங்கை யார் காவல் காப்பார் என்று ஐந்து பேரை எழுதிப் பாருங்கள். கடைசியாக, இது சரிப்படாவிட்டால் வெளியே வர என்ன வழி இருக்கிறது? பீல் டிரேடுக்கு இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட நல்ல பதில் இல்லை.

நிர்வாகத்திடம் இப்போது நான் கேட்பது குறைவுதான். 2032 பிக் உறைந்து கிடக்கிறது. 2024-25க்கு அடுத்த நான்கு சீசனில் மூன்றிலாவது செகண்ட் ஏப்ரனுக்குக் கீழே இருந்தால் அது மீளும்; இரண்டில் தாண்டினால் முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும். அதுவரை கீழே இருங்கள். மீட்ட பிறகு, அதை முப்பது வயது தாண்டிய இன்னொரு ஸ்கோரருக்காக விற்காதீர்கள்.